நாம் எடுக்காத அக்கா

"நாம எடுக்காத அக்கா எங்க போவாங்க அம்மா?"

என் மகள் இதைக் கேட்டபோது நான் பூச்சோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "எங்கேயும் போகமாட்டாங்க, இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அது பதில் இல்லை என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்தது. "எங்க இருப்பாங்க?" என்று மறுபடி கேட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் கேட்டது ஒரு கணினி விளையாட்டைப் பற்றி.

என் கணவரின் தம்பி கோலாலம்பூரில் அப்படிப்பட்ட விளையாட்டுகளுக்குப் படம் வரையும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். வெளிநாட்டு நிறுவனங்கள் கதையை முடிவு செய்து அனுப்பும். மரம், வேலி, கூரை, கிணறு போன்றவற்றை இங்கே இருப்பவர்கள் வரைந்து கொடுப்பார்கள். "நான் வரைஞ்ச கிணத்துல இதுவரைக்கும் ஒருத்தன்கூட தண்ணி எடுத்ததில்ல அண்ணி" என்று சலித்துக்கொள்வார். பிரிக்பீல்ட்ஸில் என் மாமியாரோடு இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் நான் அலுவலகம் போகவேண்டும் என்பதால் மகளை அங்கே விட்டுவிட்டுப் போவேன். சித்தப்பாவுக்கு விடுமுறை என்றால் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு அவளும் விளையாடுவாள்.

கதைக்குள் புகுந்து ஓர் ஆளாகவே நடமாடும் வகை விளையாட்டு அது. தொடங்கும்போது ஒரு நெருப்பின் முன்னால் இரண்டு பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி பதினான்கு பதினைந்து வயதுச் சிறுமி. பெரிய கண்கள், இடுப்பில் சின்ன மணி. இன்னொருத்தி முப்பதைத் தாண்டியவள். தோலாடை, கன்னத்தில் தழும்பு, யாரையும் நம்பாத பார்வை. இருவரில் ஒருவரை எடுத்துக்கொண்டால்தான் கதை நகரும். ஊரும் எதிரியும் போரும் இருவருக்கும் ஒன்றுதான். ஆள் மட்டும் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஊரு ஆளுங்களுக்கு அண்ணி" என்றார் கொழுந்தனார். "இந்தச் சின்னப் பொண்ணு ஜப்பான் பக்கம் விக்கிறதுக்கு. அங்க ஹீரோ சின்ன வயசா இருக்கணும், கூட நாலு கூட்டாளிங்க வரணும், கதை அதும்பாட்டுக்குப் போகணும். இந்தப் பெரிய அக்கா வெள்ளைக்காரன் ஊருக்கு. அவனுக்கு ஹீரோ தனியாளா இருக்கணும், மூஞ்சில வெட்டு விழுந்திருக்கணும், என்ன பேசுறதுன்னு விளையாடுறவன்தான் முடிவு பண்ணணும். அப்படின்னு மேல உள்ளவங்க நினைச்சுக்கிறாங்க. பெட்டி அட்டையில பாருங்க, ஜப்பான்ல சின்னவ முன்னாடி நிப்பா, வெள்ளைக்காரன் ஊர்ல பெரியவ முன்னாடி நிப்பா."

"அப்ப நமக்கு யாரு?"

"நமக்கா? நாம மலிவு விற்பனை போட்டா வாங்குற ஆளுங்க. நமக்கு எவன் ஹீரோ செய்வான்?"

என் கணவர் சோபாவில் படுத்தபடியே சொன்னார்: "நமக்குன்னு செஞ்சா அந்த ஹீரோ மொதல்ல பார்க்கிங் தேடணும்லா. அதுலயே கதை முடிஞ்சிடும்."

எல்லாரும் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் மணி கட்டிய சிறுமியை எடுத்திருந்தாள். கதையின் முதல் ஊருக்குள் நுழைந்ததும், சித்தப்பா வரைந்த அந்தக் கிணற்றடியில் தழும்புக்காரி நின்றுகொண்டிருந்தாள். தோலாடை இல்லை, சாம்பல் நிறத் துணி. விளையாட்டில் மற்றவர்களுக்கு இருப்பதுபோல் தலைக்கு மேல் பெயர்கூட இல்லை. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அந்த அக்கா! அந்த அக்கா!" என்று கத்தினாள். கிட்டே போய்ப் பேசினால், "இன்று வெயில் அதிகம்" என்ற ஒரே வரியைத்தான் அந்தப் பெண் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் எதிரிகள் வந்து ஊருக்குத் தீ வைத்தார்கள். தீ அணைந்ததும் மகள் கதையை விட்டுவிட்டு மறுபடி கிணற்றடிக்கு நடந்தாள். அங்கே யாரும் இல்லை. அடுத்த வாரம் தழும்புக்காரியை எடுத்து விளையாடினாள். அப்போது கிணற்றடியில் நின்றது மணி கட்டிய சிறுமி. ஊர் மறுபடி எரிந்தது.

அதற்குப் பிறகுதான் வெங்காயம் நறுக்கும்போது அந்தக் கேள்வி வந்தது.

பிள்ளைகள் எதையாவது கேட்பார்கள், மறந்துவிடுவார்கள் என்று மற்ற அம்மாக்கள் சொல்கிறார்கள். நான் மறக்கமாட்டேன். எதுவும் சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை. கதவைப் பூட்டிவிட்டு மின்தூக்கிவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். ஆனால் இந்தக் கேள்வி என் மனதில் தங்கியதற்குக் காரணம் என் சுபாவம் மட்டும் இல்லை.

என் மகளுக்கு இரண்டு பெயர்கள்.

என் கணவர் குடும்பம் கத்தோலிக்கர்கள். ரயில்வேயில் வேலை செய்தவர்களின் வழிவந்தவர்கள். நான் கிள்ளானில் பிறந்த இந்து. கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் கெட்டுவிடக்கூடாது என்ற பயத்தில்தான் எட்டு வருடமாக நான் ஒவ்வொரு அடியையும் எடுத்து வைக்கிறேன். பிள்ளை பிறந்ததும் மாமியார் ஒரு புனிதரின் பெயரைச் சொன்னார். ஞானஸ்நானத்தில் அந்தப் பெயர் வைத்தோம். பிறப்புப் பத்திரத்திலும் அதுதான். என் அப்பா நட்சத்திரம் பார்த்து வேறொரு பெயர் எடுத்திருந்தார். கிள்ளான் வீட்டில் தொட்டில் போட்டு, பிள்ளையின் காதில் அந்தப் பெயரை அவரே சொன்னார். அம்மா போன பிறகு அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அன்றுதான். யாரிடம் போய் வேண்டாம் என்று சொல்வது? இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெயர், கிள்ளானில் ஒரு பெயர். பூச்சோங்கில் எங்கள் வீட்டில் "பாப்பா".

பெயரோடு மற்றவையும் சேர்ந்துகொண்டன. மாமியார் போட்ட சங்கிலியில் சின்னச் சிலுவை உண்டு. கிள்ளான் போகும்போது டோல் சாவடி தாண்டியதும் அதைக் கழற்றி காரின் முன்பக்கச் சின்னப் பெட்டிக்குள் வைத்து, அவள் நெற்றியில் ஒட்டுப் பொட்டு வைப்பேன். பிரிக்பீல்ட்ஸ் போகும்போது கடைசிச் சமிக்ஞை விளக்கில் பொட்டை எடுத்து முகப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, திருநீறு இருந்தால் ஈர டிஷ்யூவால் துடைத்து, சங்கிலியைப் போட்டுவிடுவேன். எங்கள் காரின் முகப்பு முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டுகள். "பிள்ளையைவிட காருக்குத்தான் அலங்காரம் அதிகம்" என்பார் கணவர்.

மகளும் அதற்குப் பழகியிருந்தாள். நான் டிஷ்யூவை எடுத்ததும் முகத்தை நீட்டுவாள். விளையாட்டில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது திரை கறுத்து, சுற்றுகிற வட்டம் ஒன்று வருமாம். அதை வைத்து, "அம்மா, லோடிங்" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். துடைத்து முடித்ததும் கண்ணைத் திறப்பாள்.

ஒரு நாள் கொழுந்தனார் எங்களோடு காரில் வந்தார். நான் செய்வதைப் பின்சீட்டிலிருந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி, நீங்க எங்க ஆபீசுக்கு வந்துடுங்க. ரெண்டு மார்க்கெட்டுக்கு ரெண்டு கேரக்டர் செய்ய அங்க ஒரு மாடி முழுக்க ஆளுங்க. நீங்க ஒரு டிஷ்யூவை வச்சு முடிச்சிட்டீங்க!"

நானும் சிரித்தேன். அன்று மாலையே அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. எதனால் என்று எனக்கே தெளிவாகவில்லை.

அதற்குப் பிறகு மகளிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "இப்ப தாத்தா வீட்டுப் பாப்பா எங்க இருக்கு?" என்று கேட்டாள். கிள்ளான் போகும் வழியில் "லோடிங்" சொல்வதை நிறுத்திவிட்டாள். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்வாள். அந்த விளையாட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அவள் திரை முன்னால் உட்காராமல் இருக்கிறாளே என்று நான் நிம்மதிப்பட்டேன். நிம்மதிப்பட்டிருக்கக்கூடாது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை கிள்ளான் கடைத்தெருவுக்குப் போனோம். நான், கணவர், அப்பா, மகள். மாலை ஐந்து மணி வெயில் கூடாரங்களுக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் துணிக்கடை, வளையல் கடை, பலகாரக் கடை. நடுவில் ஒரு மேடையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் மஞ்சள் பாவாடை சட்டை போட்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் பேனாவால் என் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தேன். கூட்டத்துக்குப் போனால் நான் எப்போதும் செய்வது. அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வளையல் கடையில் பணம் செலுத்தத் தொலைபேசியை எடுத்து QR கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு கை வேண்டும். கையை விட்டேன். ஸ்கேன் ஆகவில்லை. கடைக்காரர், "கொஞ்சம் கிட்ட காட்டுங்க அக்கா, லைன் ஸ்லோ" என்றார். மறுபடி காட்டினேன். திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் பாவாடை இல்லை.

முதலில் இடுப்பளவு உயரத்தில் மட்டுமே பார்த்தேன். கால்கள், பைகள், தள்ளுவண்டிச் சக்கரங்கள். பிறகு வாயைத் திறந்தேன். எந்தப் பெயரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து இரண்டும் வெளியே வரவில்லை. கிள்ளானில் இருக்கிறோம், அதனால் அப்பா வைத்த பெயரா? இல்லை, பயந்துபோயிருப்பாள், அவள் அதிகம் கேட்ட பெயரா? எது அதிகம் கேட்டது? பெற்றவள் நான் நடுத்தெருவில் நின்று இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் "பாப்பா!" என்று கத்தினேன். நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களின் அம்மாக்கள் என்னைப் பார்த்தார்கள்.

கணவர் மேடையை நோக்கி ஓடினார். அப்பா எதிர்த்திசையில் போனார். அவர் வைத்த பெயரை அவர் கூப்பிடுவது கேட்டது; மெல்லிய குரல், பாட்டுச் சத்தத்தில் உடனே அமுங்கிவிட்டது. பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் ஓர் ஆள் பேசினார். "பெற்றோர் தேடுறாங்க. ஆறு வயசுப் பொம்பளப் பிள்ளை, மஞ்சள் பாவாடை." பிறகு பெயர். பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர், முழுதாக, அவள் அப்பா பெயரோடு சேர்த்து. தமிழில் சொன்னார், மலாயில் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. கேட்காமல் இருக்கவே முடியாது. அவள் வரவில்லை.

பின்சந்தில் யாரோ பட்டாசுச் சரம் கொளுத்தினார்கள். எனக்கு லோரிகள் ஞாபகம் வந்தன. தெரு முனையில் லோரி போகும். வேன் போகும். கதவு திறந்த வேன்கள். அந்த நேரத்தில் நான் நினைத்தவற்றை எல்லாம் இங்கே எழுதமாட்டேன்; அம்மாக்களுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே பூக்கடைப் பக்கம் போனபோது பூ கட்டும் அக்கா கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"யம்மா, எதத் தேடுறே? இந்தப் பிள்ளையா?"

மேசைக்கு அடியில், வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"நான் கேட்டேன்லா" என்றார் அந்த அக்கா. என் முகத்தைப் பார்த்து அவருக்கே பதற்றம். "மைக்ல கூப்பிடுறாங்களே, அது நீயான்னு கேட்டேன். இல்லைன்னுது. எத்தன தடவ கேட்டாலும் இல்லைன்னுது. அந்தப் பாப்பா இங்க வராதுன்னு சொல்லுது. சரி, அது வேற பிள்ளை போல, இதோட அம்மா தானா வருவாங்கன்னு உக்கார வச்சேன். கையில நம்பர் இருக்கே, அடிக்கலாம்னு பார்த்தா வேர்வையில பாதி அழிஞ்சு கெடக்கு."

அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தோம். அப்பா முன்சீட்டில். நான் பின்னால் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சீட் பெல்ட் போடவில்லையே என்றுகூட அன்று தோன்றவில்லை. கணவர்தான் கேட்டார், கோபம் வராமல் பார்த்துக்கொண்டு: "மைக்ல கூப்பிட்டது கேட்டுச்சா டா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"அது பாட்டி வீட்டுப் பாப்பா பேரு."

"அது நீதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். தன் அப்பா எவ்வளவு விவரம் தெரியாதவர் என்பதுபோல. "நான் ஆமான்னு சொன்னா தாத்தா வீட்டுப் பாப்பா கிணத்துகிட்ட போயிடும். அப்புறம் பட்டாசு வெடிச்சுச்சு. ஊரு எரியப் போகுதுன்னு ஒளிஞ்சுக்கிட்டேன்."

என் அப்பாவுக்குக் கிணறு புரியவில்லை. நான் விளக்கினேன். பாதி விளக்கத்திலேயே அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "பத்திரத்துல உள்ள பேரையே நானும் கூப்பிடுறேன்மா. பிள்ளை நல்லா இருந்தா போதும்" என்றார். வேண்டாம் என்று கணவர் எவ்வளவோ சொன்னார். அப்பா கேட்கவில்லை.

அவரால் முடியவில்லை. அந்தப் பெயரை அவர் சொல்லிப் பார்ப்பது தெரியும். உதடு அசையும், சத்தம் வராது. அவர் எந்தப் பெயரும் சொல்லாமல் கூப்பிட ஆரம்பித்தார். "இங்க வாம்மா", "சாப்பிட்டியாம்மா" என்று. இரண்டாவது வாரம் மகள் அவர் முன்னால் போய் நின்று, "தாத்தா, உங்க பாப்பா போயிடுச்சா?" என்று கேட்டாள். அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மாமியாரிடம் கணவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நான் எப்பம்மா பொட்டை எடுக்கச் சொன்னேன்?"

அவர் சொன்னதே இல்லை. பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போது ஒருமுறை அவள் நெற்றியை உற்றுப் பார்த்தார். அவ்வளவுதான். ஒருவேளை அங்கே கொசு கடித்திருக்கலாம். அப்பாவும் சங்கிலியைக் கழற்றச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி ஒரு நாள் அந்தச் சிலுவையைத் தொட்டுப் பார்த்தபோது அப்பா பேச்சை மாற்றினார். அதை நான் எனக்குத் தெரிந்தபடி அர்த்தம் செய்துகொண்டேன். இரண்டு வீட்டுக்கு எது பிடிக்கும் என்று அந்த இரண்டு வீட்டையும் கேட்காமலே நான் முடிவு செய்திருக்கிறேன். மேல உள்ளவங்க நினைச்சுக்கிறாங்க என்று கொழுந்தனார் சொன்னாரே, அதைப் போல.

"எல்லாம் கர்த்தருக்குத் தெரியும்லா. பொட்டு வச்சா என் பேத்தி இல்லேன்னு ஆயிடுமா?" என்றார் மாமியார். பிறகு, கொஞ்சம் யோசித்து, "கோயிலுக்கு வரும்போது மட்டும் வேணாமே" என்றார். அவர் சொன்ன கோயில் மாதா கோயில். அந்த "மட்டும்" எனக்குள் இன்னும் குறுகுறுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, இனி எதையும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு கிள்ளானிலிருந்து நேராகப் பிரிக்பீல்ட்ஸ் போனோம். கடைசிச் சமிக்ஞை விளக்கில் நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். விளக்கு பச்சையானது. கார் நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து மகள் முன்சீட்டுகளுக்கு நடுவில் எம்பினாள்; ஒரு சின்னக் கை நீண்டு வந்து, பொட்டை முகப்புப் பலகையில் மற்றப் பொட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டியது.

"அம்மா மறந்துட்டீங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். எச்சில் தொட்டு நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுத்தித் துடைத்ததில் தோல் சிவந்துவிட்டது.

கொழுந்தனாருக்கும் குற்ற உணர்ச்சி. அவர் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். மணி கட்டிய சிறுமியும் தழும்புக்கார அக்காவும் இங்கே மாமாக் என்று சொல்லும் சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். சிறுமியின் உதட்டுக்கு மேல் மீசைபோல் தே தாரிக் டீயின் நுரை. அழகாகத்தான் இருந்தது. நான்கூட ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

மகள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "இதுல யாரு பிளேயர் சித்தப்பா?"

"ரெண்டு பேரும்தான் மா."

"ஒரு கன்ட்ரோலர்தானே இருக்கு?"

"அது… இன்னொன்னு வாங்கிக்கலாம்லா."

"எனக்கு ரெண்டு கைதானே சித்தப்பா இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர். அன்று பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். படத்தை அவள் கிழிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில், முகம் தரையைப் பார்க்கும்படி வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டுப் பார்த்தோம். காதைப் பொத்திக்கொள்கிறாள். பிள்ளைகள் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். வயது அப்படி, அழுத்தம் கொடுக்காதீர்கள், போகப் போகச் சரியாகும் என்றார். சரியாகலாம். ஆனால் "போகப் போக" என்பதற்குள் எத்தனை கூட்டம், எத்தனை தெரு, எத்தனை முறை நான் கையை விடவேண்டியிருக்கும் என்றுதான் என் மனம் ஓடுகிறது.

ஜனவரியில் அவள் முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போகிறாள். பூச்சோங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி. போன வாரம் புதுப் பிள்ளைகளை அறிமுகம் செய்யும் நாள். பெற்றோர் பின்வரிசையில், பிள்ளைகள் முன்னால் பாயில். ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் "இருக்கேன் டீச்சர்" என்று கையைத் தூக்கினார்கள். என் மகள் பெயர் வந்தது. அவள் கையைத் தூக்கவில்லை. அந்தக் கை முதலில் நெற்றிக்குப் போனது. அங்கே ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. பிறகு கழுத்துக்குப் போனது. அங்கேயும் ஒன்றும் இல்லை. எதற்கு வம்பு என்று அன்று நான் எதையுமே போட்டுவிடவில்லை. அவள் திரும்பி, பின்வரிசையில் என்னைத் தேடினாள்.

ஆசிரியை மறுபடி கூப்பிட்டார். நான் பெரிதாகத் தலையாட்டினேன். அவள் கையைத் தூக்கினாள். "இருக்கேன்" என்று சொல்லவில்லை.

தலையாட்டியது சரியா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் தலையாட்டியபோது, அவளைப் பொறுத்தவரை, அப்பாவின் பேத்தியைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டேனா? தலையாட்டாமல் இருந்திருந்தால் அவள் யாராக வீடு திரும்பியிருப்பாள்?

இதை வாசிக்கிறவர்களில் இப்படி இரண்டு வீட்டுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே இருந்திருக்காது. எங்களைச் சுற்றி எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வளர்கிறார்கள். உங்கள் அம்மா அதை எப்படிச் செய்தார் என்று எனக்குச் சொல்லுங்கள். ஒரு பெயரை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால், நிறுத்திய பெயரை என் அப்பா எங்கே வைத்துக்கொள்வார்? நிறுத்தவேண்டாம் என்றால், நாம் எடுக்காத அக்கா எங்கே போவாள் என்று அவள் மறுபடி கேட்கும்போது நான் என்ன சொல்லட்டும்?

இவற்றுக்கெல்லாம் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குப் பேத்தியைப் பத்துமலைக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறார். தீபாவளிக்குப் பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது; முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சரி என்றும் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் என் கை நழுவினால் நான் எந்தப் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும்? எதைக் கேட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள்? தெரிந்தவர்கள் தைப்பூசத்துக்கு முன் எழுதுங்கள்.